நிக்சனைக் கவிழ்த்தது கார் நிறுத்துமிடத்து ஆள்தானா?

வாசகர் கேள்வி, 8 ஜூன் 2025

வாட்டர்கேட் விவகாரத்தில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யில் இரண்டாம் இடத்தில் இருந்த மார்க் ஃபெல்ட் என்ற ஒரே ஒரு அதிகாரி, நடுராத்திரியில் கார் நிறுத்துமிடத்தில் நின்று நிருபரிடம் உண்மையைச் சொன்னார். அமெரிக்க அதிபர் நிக்சன் பதவியை விட்டு வீட்டுக்குப் போனார். உள்ளே மனசாட்சியுள்ள ஒருத்தர் இருந்தால் போதும், எந்த அதிபரையும் இறக்கிவிடலாம். இதை மறுக்க முடியுமா?

8 ஜூன், இரவு 10.15

முடியும். மனசாட்சி என்ற சொல்லிலேயே எனக்கு இடிக்கிறது.

1972 மே 2ஆம் தேதி எட்கர் ஹூவர் காலமானார். 48 வருஷம் எஃப்.பி.ஐ.யைக் கட்டி ஆண்டவர். அடுத்த நாற்காலி தனக்குத்தான் என்று ஃபெல்ட் நினைத்திருந்தார். மறுநாளே நிக்சன், எஃப்.பி.ஐ.யில் ஒருநாள்கூட வேலை பார்க்காத பேட்ரிக் கிரே என்பவரைத் தற்காலிக இயக்குநராகக் கொண்டுவந்து உட்காரவைத்தார். கிரே கடற்படையில் இருந்தவர், நிக்சனின் பழைய விசுவாசி. ஆறு வாரம் கழித்து, ஜூன் 17 அதிகாலையில், வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் தலைமை அலுவலகத்துக்குள், நிக்சனின் தேர்தல் குழு ஒட்டுக்கேட்க அனுப்பிய ஐந்து பேர் பிடிபட்டார்கள். அந்த வழக்கின் அறிக்கைகள் எல்லாம் ஃபெல்ட்டின் மேஜை வழியாகத்தான் போயின.

ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். இன்னொரு பக்கம், வெள்ளை மாளிகை தன் துறையின் விசாரணையை அமுக்கப் பார்க்கிறது என்ற உண்மையான கோபம். இதில் எது எத்தனை பங்கு என்று அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். சந்திக்க வேண்டும் என்றால் ஃபெல்ட் பூந்தொட்டியில் சிவப்புக் கொடி வைப்பாராம். பூந்தொட்டி வரைக்கும் யோசித்து வைத்தவர் நாற்காலியைப் பற்றி யோசிக்காமலா இருந்திருப்பார்?

9 ஜூன், காலை 6.40

திருத்தம். கொடி வைத்தவர் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் பாப் வுட்வர்ட், தன் வீட்டு பால்கனியில். ஃபெல்ட் கூப்பிட்டால் அடையாளம் வேறு: வுட்வர்ட் வீட்டுக்கு வரும் நியூயார்க் டைம்ஸில் 20ஆம் பக்கத்தில் கடிகார முள் வரைந்திருக்கும், அந்த நேரத்துக்குப் போக வேண்டும். கட்டடத்துக்குள் வந்து விழும் செய்தித்தாளில் அவர் எப்படி வரைந்தார் என்பது தனக்கே தெரியாது என்று வுட்வர்ட் பிற்பாடு எழுதியிருக்கிறார். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

9 ஜூன், மாலை 5.20

ஃபெல்ட் நிருபரைச் சந்தித்த அந்த இடத்தை நான் பார்த்திருக்கிறேன். மகள் வர்ஜீனியா பக்கம் இருக்கிறாள். 2016இல் போயிருந்தபோது, ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று கிளம்பினாள். நினைவுச் சின்னங்கள், அருங்காட்சியகம் எல்லாம் முடித்த பிறகு "வேற எங்கப்பா போகணும்?" என்றாள். ராஸ்லினில் ஒரு கார் நிறுத்துமிடம் இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும் என்றேன். ஒரு மாதிரி பார்த்தாள்.

ஆற்றைத் தாண்டினால் ராஸ்லின். சாதாரண அலுவலகக் கட்டடம். வாசலில் 2011இல் வைத்த வரலாற்றுப் பலகை ஒன்று. கீழே இறங்கினால் தாழ்வான கூரை, தூண்கள், டயர் தேய்ந்த வாடை. 32ஆம் எண் போட்ட இடத்தில் யாரோ தன் காரை நிறுத்திவிட்டு வேலைக்குப் போயிருந்தார். அவ்வளவுதான். பேரன் பசிக்கிறது என்றான், மேலே ஏறி வந்துவிட்டோம்.

ஒன்று மட்டும் மனசில் நின்றது. ஒரு அடி எடுத்து வைத்தால் அங்கே எட்டு அடி எதிரொலிக்கிறது. ரகசியம் பேச இப்படி ஒரு இடத்தைப் பிடித்தவர், யாராவது வந்தால் காலடி முதலில் கேட்கும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஃபெல்ட் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மன் உளவாளிகளுக்கு எதிரான பிரிவில் இருந்தவர் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

10 ஜூன், இரவு 9.05

கசிவால் நிக்சன் போனார் என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். என்னைக் கேட்டால், கசிவை அடைக்கப் புறப்பட்ட அன்றைக்கே அவருடைய கெட்ட நேரம் ஆரம்பித்துவிட்டது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பதவிக்கு வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. 1969 மே 9ஆம் தேதி நியூயார்க் டைம்ஸில் வில்லியம் பீச்சர் எழுதினார்: அமெரிக்க விமானங்கள் கம்போடியாவில் குண்டு போடுகின்றன. இது ராணுவ ரகசியமாம். குண்டு விழுந்தவனுக்குத் தெரியும், பக்கத்து வியட்நாம்காரனுக்குத் தெரியும், அமெரிக்க ஜனங்களுக்கு மட்டும்தான் ரகசியம். நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கர் துள்ளிக் குதித்தார். அன்றைக்கே தொலைபேசி ஒட்டுக்கேட்பு தொடங்கியது. அடுத்த ஒன்றே முக்கால் வருஷத்தில் 17 பேர்: 13 அதிகாரிகள், 4 பத்திரிகையாளர்கள். அதிகாரிகளில் பலர் கிஸ்ஸிங்கரின் சொந்த ஆட்கள். மார்ட்டன் ஹால்ப்ரின் என்பவர் வீட்டுத் தொலைபேசியை 21 மாதம் கேட்டார்கள். அவர் வேலையை விட்டுப் போன பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கசிவு ஒன்றும் சிக்கவில்லை.

அப்புறம் 1971 ஜூன் 13. ஞாயிற்றுக்கிழமை. முதல் பக்கத்தில் ஒரு பக்கம் நிக்சன் மகள் ட்ரிஷாவின் கல்யாணப் படம், இன்னொரு பக்கம் வியட்நாம் போர் பற்றிய பாதுகாப்புத் துறையின் ரகசிய வரலாறு, அதாவது பென்டகன் ஆவணங்கள். டேனியல் எல்ஸ்பெர்க் நகலெடுத்துக் கொடுத்த 7,000 பக்கம். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆவணங்களில் இருப்பது கென்னடி, ஜான்சன் காலத்துப் பொய்கள். நிக்சன் ஆட்சிக்கு வருவதற்கு முன்னாலேயே கதை முடிந்துவிடுகிறது. எதிர்க்கட்சிக்காரன் மானம் போகிறது என்று காலை நீட்டிப் படித்துச் சிரித்திருக்கலாம். முதலில் அவரே பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை; கிஸ்ஸிங்கர்தான் சூடேற்றினார். வழக்குப் போட்டார்கள், உச்ச நீதிமன்றம் ஜூன் 30ஆம் தேதி ஆறுக்கு மூன்று என்று பத்திரிகைகள் பக்கம் நின்றது.

சட்டத்தில் தோற்றதும் வெள்ளை மாளிகைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஓர் அறை பிடித்தார்கள். 16ஆம் எண் அறை. ஆங்கிலத்தில் குழாய் ஒழுகுவதற்கும் ரகசியம் கசிவதற்கும் ஒரே சொல். அங்கே வேலை பார்த்த டேவிட் யங்கின் வீட்டுப் பெரியவர் ஒருவர், "உன் தாத்தாவும் பிளம்பர்தான், இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்" என்றாராம். யங் கதவில் 'பிளம்பர்' என்று பலகை மாட்டிவிட்டார். ரகசியப் பிரிவுக்குப் பெயர்ப் பலகை!

இந்த பிளம்பர்கள் முதலில் அடைக்கப் போன குழாய் பெவர்லி ஹில்ஸில் இருந்தது. எல்ஸ்பெர்க்குக்கு மனநல மருத்துவம் பார்த்த டாக்டர் ஃபீல்டிங்கின் அலுவலகம். முன்கூட்டியே வேவு பார்க்கப் போன பிளம்பர்கள் ஹன்ட்டும் லிடியும், உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. கொடுத்த கேமராவில் படம் எடுத்தார்கள். ஒரு படத்தில் லிடி நிற்கிறார், பின்னால் சுவரில் டாக்டர் ஃபீல்டிங்கின் கார் நிறுத்துமிடம் என்று பெயரோடு எழுதியிருக்கிறது. பிலிமைக் கழுவிக் கொடுத்ததும் சி.ஐ.ஏ.தான். ஒரு நகலை எடுத்து வைத்துக்கொண்டது. செப்டம்பர் 3 ராத்திரி உள்ளே போய் அலமாரியை உடைத்தார்கள், உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்று உள்ளே போனவர்களில் பார்க்கர், மார்ட்டினெஸ் என்று இரண்டு பேர். அடுத்த வருஷம் ஜூன் 17ஆம் தேதி வாட்டர்கேட்டில் கையுறையோடு பிடிபட்ட ஐந்து பேரில் அதே பார்க்கர், அதே மார்ட்டினெஸ். நிக்சன் ஏன் வாட்டர்கேட்டை மூடி மறைக்கத் துடித்தார் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் இதுதான். ஐந்து பேரும் வாயைத் திறந்தால் வாட்டர்கேட்டோடு நிற்காது, பெவர்லி ஹில்ஸும் வரும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினார், வீடு எரிந்த சாம்பலை மறைக்கப் போய் மாட்டிக்கொண்டார்.

11 ஜூன், காலை 7.30

"அப்போ எல்ஸ்பெர்க் வழக்கு என்ன ஆச்சு?" 1973 மே 11ஆம் தேதி நீதிபதி தள்ளுபடி செய்துவிட்டார். டாக்டர் வீட்டுத் திருட்டு, ஒட்டுக்கேட்பு எல்லாம் வெளியே வந்ததுதான் காரணம். போதாக்குறைக்கு, வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அந்த நீதிபதிக்கு எஃப்.பி.ஐ. இயக்குநர் பதவி தரலாமா என்று வெள்ளை மாளிகை தூது விட்டிருந்தது. கிரே ஏப்ரல் கடைசியில் பதவி விலகினார். ஃபெல்ட் ஆசைப்பட்ட நாற்காலியை ஊரெல்லாம் ஏலம் போட்டார்கள், அவருக்கு மட்டும் இல்லை.

11 ஜூன், இரவு 11.10

டாக்டர் "வீட்டுத்" திருட்டு என்று எழுதிவிட்டேன். அலுவலகம்.

12 ஜூன், மாலை 4.00

இந்தியாவுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டவருக்கு. உண்டு, நேரடியாகவே உண்டு. எனக்கு இந்த முழுக் கதையிலும் ரொம்பப் பிடித்த துண்டும் அதுதான், ஏனென்றால் கதாநாயகன் என் ஜாதி. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஸ்டெனோகிராபர் ஜாதி. 31 வருஷம் அரசு அலுவலகத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

1971 டிசம்பர், வங்கதேசப் போர். அமெரிக்கா நடுநிலை என்று வெளியே சொல்லிக்கொண்டிருந்தது. ஜாக் ஆண்டர்சன் என்ற பத்தி எழுத்தாளர், உள்கூட்டங்களின் குறிப்புகளை அப்படியே எடுத்துப் போட்டார். பாகிஸ்தான் பக்கம் சாய வேண்டும், இந்தியாவிடம் இன்னும் கடுமையாக இல்லையே என்று அதிபர் அரை மணிக்கு ஒரு தடவை என்னைக் காய்ச்சுகிறார் என்று கிஸ்ஸிங்கர் கூட்டத்தில் புலம்பியது உட்பட. எண்டர்பிரைஸ் கப்பல் தலைமையில் கடற்படை வங்காள விரிகுடாவுக்கு வருவதையும் எழுதினார். அடுத்த வருஷம் ஆண்டர்சனுக்குப் புலிட்சர் பரிசு.

யார் கொடுத்தது என்று தேடினார்கள். சந்தேகம் சார்லஸ் ராட்ஃபோர்ட் என்ற கடற்படை எழுத்தர் மேல் விழுந்தது. வெள்ளை மாளிகைப் பாதுகாப்புக் குழுவில், ராணுவத் தளபதிகளுக்கான தொடர்பு அலுவலகத்தில் சுருக்கெழுத்து எடுத்துத் தட்டச்சு அடிப்பவர். முன்னால் டெல்லித் தூதரகத்தில் வேலை பார்த்தவர். ஆண்டர்சன் குடும்பத்தோடு பழக்கம், ஒரே சபையைச் சேர்ந்தவர்கள். உட்காரவைத்துக் கேட்டார்கள். ஆண்டர்சனுக்கு நான் கொடுக்கவில்லை என்று அழுதார். ஆனால் வேறொன்றைச் சொல்லிவிட்டார்: கிஸ்ஸிங்கர் பெட்டியிலிருந்தும், எரிப்பதற்காகப் போட்டு வைக்கும் காகிதப் பைகளிலிருந்தும் ஒரு வருஷமாக ஆவணங்களை நகலெடுத்துத் தன் மேலதிகாரியான அட்மிரலிடம் கொடுத்து வந்திருக்கிறார். அவர் வழியாக முப்படைத் தலைவர் அட்மிரல் மூரருக்கு. கிஸ்ஸிங்கர் ரகசியமாகச் சீனா போன பயணத்தின்போது பாகிஸ்தான் வரை கூடவே போய் அங்கேயும் பெட்டியைக் குடைந்திருக்கிறார்.

அதாவது பத்திரிகைக்குக் கசிந்த ஓட்டையைத் தேடப் போனால், சொந்த ராணுவமே அதிபரை வேவு பார்த்த கதை கிளம்பியது. கிணறு வெட்டப் பூதம். நிக்சன் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. மூரரைத் தூக்கினால் ஊர் சிரிக்கும். அவரை அடுத்த வருஷம் மறுபடியும் அதே பதவியில் நியமித்தார். பிடிமானம் கையில் இருக்கிற அட்மிரல் நல்லது என்று கணக்கு. ராட்ஃபோர்டை மட்டும் குடும்பத்தோடு ஆரிகன் மாநிலத்துக்கு மாற்றினார்கள், அங்கே போயும் அவர் தொலைபேசியை ஒட்டுக்கேட்டார்கள். 1974இல்தான் விஷயம் வெளியே வந்தது.

மாறுதல் எழுத்தருக்கு, மறுநியமனம் அட்மிரலுக்கு. எந்த ஊரானால் என்ன.

12 ஜூன், இரவு 9.45

ஒரு கொசுறு. வுட்வர்ட் நிருபராவதற்கு முன் கடற்படை லெப்டினன்ட். இதே மூரர் அப்போது கடற்படைத் தலைவர். அவர் அலுவலகத்திலிருந்து வெள்ளை மாளிகைக்குக் காகிதம் கொண்டு போவது வுட்வர்ட் பார்த்த வேலைகளில் ஒன்று. 1970இல் அப்படிப் போய்க் காத்திருந்தபோதுதான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஃபெல்ட்டோடு பேச்சுக் கொடுத்தார். காத்திருக்கும் அறையில் சும்மா உட்காராமல் பக்கத்து ஆளிடம் பேசுங்கள் என்று என் பேரனுக்குச் சொல்லியிருக்கிறேன். அவன் தலையை நிமிர்த்தினால்தானே.

13 ஜூன், காலை 8.15

எரிக்கும் பை பற்றி ஒருவர் விளக்கம் கேட்டிருக்கிறார், "குப்பையில் என்ன ரகசியம் இருக்கும்?" என்று. நீங்கள் கம்ப்யூட்டர் காலத்துப் பிள்ளை.

தட்டச்சு அடிக்கும்போது நடுவில் கார்பன் தாள் வைப்போம். புதுக் கார்பனை முதல் தடவை போட்டு எடுத்தால், அடித்த கடிதம் முழுக்க அதில் வெட்டு வெட்டாகப் பதிந்திருக்கும். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் நட்சத்திரம் மாதிரி எழுத்து மின்னும், ஒரு வரி விடாமல் படிக்கலாம். நாலைந்து தடவை போட்ட பிறகுதான் எழுத்தின் மேல் எழுத்து விழுந்து குழம்பும். ரகசியக் கடிதத்துக்குப் பழைய கார்பன் போடு என்பது எனக்கு முதல் வாரத்தில் சொல்லிக் கொடுத்த பாடம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் அலுவலகத்தில் ஒரு மாறுதல் பட்டியல், கையெழுத்தாகும் முன்னாலேயே உள்ளூர் மாலைப் பத்திரிகையில் வந்துவிட்டது. பெரிய அதிகாரி கொதித்துப் போனார். மறுநாளிலிருந்து பயன்படுத்திய கார்பன் எல்லாம் எண்ணி, சாயங்காலம் தலைமை எழுத்தரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஸ்டென்சில் அறைக்குப் பூட்டு. மூன்று மாதம் யாரும் யாரோடும் சேர்ந்து டீ குடிக்கப் போகவில்லை. அடித்தது நான், அதனால் முதல் சந்தேகம் என் மேல். நான் கொடுக்கவில்லை. இதைச் சத்தியமாகச் சொல்கிறேன்.

அந்த மூன்று மாதத்தில் அலுவலகத்தில் எந்தக் கோப்பும் நகரவில்லை. நிக்சனின் 16ஆம் எண் அறையைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது எனக்கு அந்தக் கார்பன் நோட்டுத்தான் நினைவுக்கு வந்தது.

13 ஜூன், இரவு 10.30

ஃபெல்ட்டை நான் வில்லனாக்குகிறேன் என்று ஒரு கோபக் குறிப்பு. இல்லை ஐயா. சரி, அவரைப் பற்றிய மீதியையும் கேளுங்கள், உங்களாலேயே அவரை ஒரு பக்கம் நிறுத்த முடியாது.

1972 அக்டோபர் 19ஆம் தேதியே வெள்ளை மாளிகைத் தலைமை அதிகாரி ஹால்ட்மன் நிக்சனிடம் சொல்லிவிட்டார், கசிவது ஃபெல்ட்டிடமிருந்து என்று. ஒலிநாடாவில் இருக்கிறது. ஏன் உடனே தூக்கவில்லை? தூக்கினால் வெளியே போய் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார், எஃப்.பி.ஐ.யில் தெரிய வேண்டியது எல்லாம் அவருக்குத் தெரியும் என்று ஹால்ட்மனே பயந்தார். நீதித் துறையிலிருந்து கிரேயிடம் சொல்லிப் பார்த்தார்கள். கிரே ஃபெல்ட்டை முழுசாக நம்பினார். 33 வருஷம் கழித்து, 2005 மே 31ஆம் தேதி, 91 வயதில் 'நான்தான்' என்று ஃபெல்ட் வெளியே வந்தார். அடுத்த ஐந்து வாரத்தில் கிரே இறந்துபோனார். அந்த ஐந்து வாரம் அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

இடைப்பட்ட காலத்தில் ஃபெல்ட் எத்தனை தடவை மறுத்தார் தெரியுமா? கசிவு யாரென்று உள்ளே விசாரிக்கும் பொறுப்பே அவரிடம் வந்தபோது, மற்றவர்கள் பக்கம் கை காட்டினார். எழுபதுகளின் நடுவில் நடுவர் குழு முன் வேறு வழக்குக்காக நின்றபோது, ஒரு நடுவர் போகிற போக்கில் 'டீப் த்ரோட் நீங்களா?' என்று கேட்டுவிட்டார். வுட்வர்டுக்குச் சொன்ன பெயர் தெரியாத ஆளின் பட்டப்பெயர் அது. இல்லை என்று வாய் சொன்னது, முகம் வெளுத்தது. அரசு வழக்கறிஞர் பக்கத்தில் போய், நீங்கள் சத்தியம் செய்திருக்கிறீர்கள், வேண்டுமானால் இந்தக் கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன் என்றார். பெற்றுவிடுங்கள் என்றார் ஃபெல்ட். வழக்கறிஞருக்குப் புரிந்துவிட்டது. அவரும் 2005 வரை அதை ஊரறியச் சொல்லவில்லை. 1999இல் கேட்டபோது ஃபெல்ட், நானாக இருந்திருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருப்பேன் என்ற ரீதியில் பதில் சொன்னார். கிழவருக்குக் குசும்பு.

இதற்கெல்லாம் சிகரம் 1980. தீவிர இடதுசாரிக் குழு ஒன்றைத் தேடுகிறேன் என்று அவர்களின் உறவினர், நண்பர்கள் வீடுகளில் வாரண்ட் இல்லாமல் நுழைய அனுமதி கொடுத்ததாக ஃபெல்ட் மேலேயே வழக்கு. ஆமாம், பிளம்பர்கள் செய்த அதே காரியம். அவருக்கு ஆதரவாகச் சாட்சிக் கூண்டில் ஏறியவர் ரிச்சர்ட் நிக்சன். குற்றம் உறுதியானது, 5,000 டாலர் அபராதம். அடுத்த வருஷம் ரீகன் மன்னிப்பு வழங்கினார். நிக்சன் ஷாம்பெயின் அனுப்பி வாழ்த்தினார்.

அந்த புட்டியைத் திறக்கும்போது ஃபெல்ட்டின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

14 ஜூன், மதியம் 1.20

வீட்டம்மா: "இன்னும் அந்த நிக்சனை விடலையா நீங்க?"

14 ஜூன், இரவு 9.00

"இப்போது டிரம்ப் காலத்திலும் இதேதானே?" என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. பாதி இதே, பாதி வேறு.

2018 செப்டம்பர் 5ஆம் தேதி நியூயார்க் டைம்ஸில் பெயரில்லாத கட்டுரை. எழுதியவர் ஆட்சியின் உயர் அதிகாரி, அதிபரின் மோசமான யோசனைகளை உள்ளிருந்தே தடுக்கிறோம் என்கிறார். வாஷிங்டனே துப்பறியக் கிளம்பியது. கட்டுரையில் 'லோட்ஸ்டார்' என்ற அபூர்வமான சொல் ஒன்று வந்திருந்தது, துணை அதிபர் பென்ஸ் மேடைகளில் அடிக்கடி சொல்லும் சொல். உடனே அவர்தான் என்றார்கள். ஒவ்வொரு அமைச்சராக 'நான் இல்லை' என்று அறிக்கை விட்டார்கள். கடைசியில் 2020 அக்டோபரில் ஒப்புக்கொண்டவர் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையில் இருந்த மைல்ஸ் டெய்லர், முப்பது வயதைத் தாண்டியிருந்த இளைஞர். இரண்டு மாதம் முன்புதான் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் கேட்டதற்கு இல்லை என்று சொல்லியிருந்தார். 2025 ஏப்ரலில் அவரை விசாரிக்க டிரம்ப் உத்தரவு போட்டார்.

அதே 2018இல் வந்த வுட்வர்டின் புத்தகத்தில் இன்னொரு விஷயம். ஆமாம், அதே வுட்வர்ட். தென்கொரிய வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து விலகும் கடிதத்தை அதிபர் கையெழுத்துப் போட்டுவிடப் போகிறாரே என்று, பொருளாதார ஆலோசகர் கேரி கோன் அதை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். அதிபர் கவனிக்கவே இல்லையாம். உலகமே வாயைப் பிளந்தது. எனக்கு ஆச்சரியமில்லை. 'கோப்பைக் காணோம் சார்' என்பது எங்கள் தொழிலின் பிரம்மாஸ்திரம். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் எத்தனை உத்தரவுகள் உறங்கியிருக்கின்றன!

ஆனால் கடிதத்தை ஒளித்து வைப்பதை நான் கசிவோடு சேர்க்க மாட்டேன். கசிவு விஷயத்தை ஜனங்களிடம் கொண்டுபோகிறது. இது ஜனங்களுக்கும் தெரியாமல், ஓட்டு வாங்கி வந்தவருக்கும் தெரியாமல், நடுவில் ஒருவர் முடிவெடுப்பது. அந்தக் கடிதம் மோசமான கடிதமாகவே இருக்கட்டும், எனக்கு இது உறுத்துகிறது.

15 ஜூன், காலை 7.00

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். கோன் செய்ததைக் குறை சொல்லிவிட்டு, 1974 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் ஷ்லெசிஞ்சர் செய்ததை நான் எப்போதும் பாராட்டுவேன். நிக்சன் கடைசி நாட்களில் நிதானத்தில் இல்லை என்ற பயத்தில், வெள்ளை மாளிகையிலிருந்து வழக்கத்துக்கு மாறான உத்தரவு வந்தால் என்னைக் கேட்காமல் செய்யாதீர்கள் என்று தளபதிகளிடம் சொல்லி வைத்தார். இதுவும் நடுவில் ஒருவர் எடுத்த முடிவுதான். அப்படியென்றால் என் அளவுகோல் எங்கே? பயம் பெரிதாக இருந்தால் சரி, வர்த்தகக் கடிதமாக இருந்தால் தப்பா? பதில் வரவில்லை. கேட்டவர் என்னை மடக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவரும் நான்தான்.

15 ஜூன், இரவு 8.40

முதல் கேள்விக்கு வருகிறேன். ஒற்றை ஆள் கவிழ்த்தாரா?

கதவின் பூட்டில் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தவர் ஃப்ராங்க் வில்ஸ் என்ற ராத்திரிக் காவலாளி. பிய்த்துப் போட்டார். மறுபடி சுற்றி வந்தபோது மறுபடி ஒட்டியிருந்தது. போலீஸைக் கூப்பிட்டார். கண்டும் காணாமல் போயிருந்தால் ஃபெல்ட்டுக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. 1973 மார்ச்சில் பிடிபட்ட ஐவரில் ஒருவரான மெக்கார்ட், குற்றத்தை ஒப்புக்கொண்டு வாயை மூடிக்கொள்ளச் சொல்லி நெருக்கினார்கள், விசாரணையில் பொய்ச் சாட்சி சொல்லப்பட்டது என்று வழக்கை விசாரித்த நீதிபதி சிரிகாவுக்குக் கடிதம் எழுதினார். அதிபரின் வழக்கறிஞர் ஜான் டீன் செனட் குழு முன் சொந்தப் பெயரில் நாள்கணக்காகச் சாட்சி சொன்னார். ஜூலை 16ஆம் தேதி வெள்ளை மாளிகையின் முன்னாள் உதவியாளர் அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்ட், கேட்ட கேள்விக்குப் பதிலாக, அதிபர் அறையில் எல்லாப் பேச்சும் பதிவாகிறது என்று சொல்லிவிட்டார். ஃபெல்ட் அதற்கு முன்பே எஃப்.பி.ஐ.யை விட்டுப் போயிருந்தார்.

அக்டோபர் 20 சனிக்கிழமை, வாட்டர்கேட்டை விசாரித்துக்கொண்டிருந்த தனி அரசு வழக்கறிஞர் காக்ஸை நீக்கு என்றார் நிக்சன். சட்ட அமைச்சர் ரிச்சர்ட்சன் மாட்டேன் என்று ராஜினாமா. அடுத்த இடத்தில் இருந்த ரக்கல்ஸ்ஹாஸும் மாட்டேன் என்றார். மூன்றாவது ஆள் போர்க்தான் செய்தார். ரிச்சர்ட்சனும் ரக்கல்ஸ்ஹாஸும் நிக்சன் கட்சிக்காரர்கள், நிக்சனே நியமித்தவர்கள். உள் எதிர்ப்பு என்றால் எனக்கு முதலில் இவர்கள்தான். ஊரறிய மாட்டேன் என்று சொல்லிவிட்டு வேலையை விட்டுப் போனார்கள்.

கடைசி ஆணி ஒலிநாடா. 1974 ஜூலை 24 உச்ச நீதிமன்றம் எட்டுக்குப் பூஜ்யம், கொடு என்றது. ஆகஸ்ட் 5 வெளியான பேச்சில், சி.ஐ.ஏ.யை வைத்து எஃப்.பி.ஐ. விசாரணையை நிறுத்தும் யோசனைக்கு நிக்சன் சரி சொல்கிறார். அது கசியவில்லை, அவரே பதிவு செய்தது, அவரே கொடுத்தது. ஆகஸ்ட் 7 செனட்டர் பேரி கோல்ட்வாட்டரும் நிக்சனின் குடியரசுக் கட்சித் தலைவர்கள் இரண்டு பேரும் போய், பதவி நீக்கத்தைத் தடுக்க செனட்டில் ஓட்டு இல்லை என்று சொன்னார்கள். 49 மாநிலங்களில் ஜெயித்தவர் 9ஆம் தேதி ஹெலிகாப்டர் ஏறினார்.

ஃபெல்ட் இல்லாவிட்டால்? வாஷிங்டன் போஸ்ட் பயந்து நடுவில் விட்டிருக்கலாம். 1972 அக்டோபரில், தேர்தலுக்கு முன், வேறு யாரும் பெரிதாக எழுதாத சமயத்தில், 'நீங்கள் போகும் வழி சரி' என்று ஒருத்தர் சொல்வது சின்ன விஷயமில்லை. அதற்கு மேல் அவருக்கு நான் பங்கு தர மாட்டேன்.

16 ஜூன், காலை 6.10

கார்பன் கதையில் நான் முழுசாகச் சொல்லவில்லை. ராத்திரி தூங்கவில்லை, எழுதிவிடுகிறேன்.

பத்திரிகைக்கு நான் கொடுக்கவில்லை, அது உண்மை. ஆனால் அந்தப் பட்டியலில் என் நண்பன் பெயர் இருந்தது, 200 கிலோமீட்டர் தள்ளி. அவன் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை வருகிற வருஷம். முன்கூட்டியே தெரிந்தால் யாரையாவது பார்த்து நிறுத்திக்கொள்ளட்டும் என்று, ஒரு புதுக் கார்பனை மடித்து டிபன் டப்பா மூடிக்குள் வைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் மச்சானிடம் சொன்னான். மச்சான் யாரிடம் சொன்னானோ. பட்டியலில் இரண்டு பேர் பணம் கொடுத்து இடம் வாங்கியது அதனால்தான் வெளியே தெரிந்து, பட்டியலே ரத்தானது. ஊருக்கு நல்லதுதான் நடந்தது. அந்த இரண்டு பேர் கதை எனக்கு அதுவரை தெரியவே தெரியாது.

அந்த வருஷம் என்னைப் பற்றிய ரகசியக் குறிப்பில் அதிகாரி எழுதியிருந்தது: நம்பத்தகுந்தவர், ரகசியம் காப்பவர். அதைத் தட்டச்சு அடித்தவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

16 ஜூன், மாலை 6.30

"அப்போ யாரும் மாட்டவில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

குப்பைக்கூடையை எடுத்துப் போய் எரிக்கும் வேலை ஒரு பியூனுடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கார்பன் அவர் கைவழியாகத்தான் போயிருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, மலையடிவாரத்தில் ஒரு கிளை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். நாலு வருஷம் அங்கே இருந்தார்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். டீ குடிக்கலாம் வாங்க சார் என்று இழுத்துக்கொண்டு போனார். பழைய ஆட்களைப் பற்றியெல்லாம் பேசிவிட்டு, "அந்தப் பேப்பர் சமாச்சாரம் யார் பண்ணினதுன்னு கடைசி வரைக்கும் தெரியவே இல்லையே சார்?" என்றார்.

"தெரியலையேண்ணே" என்றேன்.

டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.